கிட்டாருக்கு ஜீவா

மின்கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே தரையில் கிடக்கிற உள்ளங்கை அளவுப் பெட்டி. மேலே இரண்டு மூன்று திருகு குமிழ்கள், கீழே காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். மிதிக்கும்வரை மணிமணியாக உதிர்ந்துகொண்டிருந்த தந்தி, மிதித்த கணத்தில் உறுமத் தொடங்கும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வீடுகளின் மொட்டைமாடி அறைகளில் கிட்டார் பயிலும் பிள்ளைகள் முதலில் ஆசைப்படும் பெடல் இந்த ரகம்தான். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என்று மூன்று பெயர்களில் கிடைக்கும் இந்த உறுமலைக் கேட்டுப் பழகாதவர்கள் இரைச்சல் என்பார்கள். நான் சங்கீதம் என்கிறேன். தம்புராவின் ரீங்காரத்தில் வளர்ந்த காதுக்கு இதைவிட நெருக்கமான மின்னொலி வேறு இல்லை என்பது என் கட்சி.

பழுதில் பிறந்த ஒலி இது. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாடலொன்றில், நாஷ்வில் ஸ்டூடியோவின் மிக்சிங் மேசையில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கரகரத்துப் பதிவானது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள், பாட்டு ஓடியது. அந்தப் பதிவின் பொறியாளர் கிளென் ஸ்னோடி அதே கரகரப்பைத் தரும் சர்க்யூட் ஒன்றைக் கட்டினார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்ற பெடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், இதே ஒலிக்காகத் தன் ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினார். அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் மேஸ்ட்ரோவை மிதித்தார். அதன்பின் யாரும் ஸ்பீக்கரைக் கிழிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

பெட்டிக்குள் நடப்பது எளிய காரியம். தந்தியின் அதிர்வு மேடும் பள்ளமுமான மின்னலையாக உள்ளே வருகிறது. அதைப் பல மடங்கு பெருக்கி, ஒரு எல்லைக்கு மேல் எழும் உச்சிகளை வெட்டிவிடுகிறார்கள். வெட்டும் வேலையைப் பெரும்பாலும் டயோடுகள் செய்கின்றன. சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டிலும் ஜெர்மேனியம் டயோடு சுமார் 0.3 வோல்ட்டிலும் அலையின் தலையைத் தட்டுகின்றன. தலை தட்டையான அலையில் மூல ஸ்வரத்தோடு அதன் இரண்டு, மூன்று, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் புதிதாக முளைக்கின்றன. இந்த மேற்சுரங்கள்தான் ஒலிக்குச் சதையும் முறுக்கும் தருகின்றன. உச்சியை வளைத்து வழுவழுப்பாக்கினால் ஓவர்டிரைவ். பட்டென்று வெட்டினால் டிஸ்டார்ஷன். அலை ஏறக்குறைய சதுரமாகும்வரை நசுக்கினால் ஃபஸ். கூடவே இன்னொன்றும் நடக்கிறது: ஓங்கி மீட்டியதும் மெல்ல மீட்டியதும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்துவிடுவதால், சட்டென்று அடங்க வேண்டிய ஸ்வரம் நீண்டு நிற்கிறது.

மேற்சுரங்களைக் கிளப்பும் இந்த வேலையைத் தம்புரா நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறது. அகன்று லேசாக வளைந்த குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலை நுழைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, ரீங்காரம் பூக்கும் இடத்தில் நிறுத்துகிறார்கள். அந்த நூலை ஜீவா என்கிறார்கள். தந்தி ஒவ்வொரு அதிர்விலும் குதிரையை உரசி எழும்போது மேற்சுரங்கள் கிளம்புகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1921-இல் வீணை, தம்புராபற்றி எழுதிய ஆய்வுக் குறிப்பில் இதைக் கவனித்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த விதி. நம் வாத்தியங்களின் குதிரை அந்த விதியை மீறி அவற்றையும் எழுப்புகிறது என்று ராமன் காட்டினார். சுத்தமான தந்தியொலி போதாது, அதன்மேல் உரசலின் பொன்முலாம் வேண்டும் என்று நம் முன்னோர் முடிவுசெய்திருக்கிறார்கள். டயோடு செய்வதும் வேறு வழியில் அதே வேலைதான். கிட்டாருக்கு மின்சாரம் போட்ட ஜீவா அது.

உறவு இதோடு நிற்கவில்லை. டிஸ்டார்ஷனில் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டினால், அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் தனி ஸ்வரங்களாக வெளிப்படும். முழு கார்டு வாசித்தால் இந்த உபரி ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும். குறிப்பாக, கிட்டாரின் அந்தர காந்தாரம் இயல்பான காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல்; க்ளீன் ஒலியில் காது மன்னித்துவிடும் அந்த வித்தியாசம், டிஸ்டார்ஷனில் பல்லைக் கூசவைக்கும். ஆனால் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தால் கதையே வேறு. அவற்றின் விகிதம் இரண்டுக்கு மூன்று, கழித்தால் ஒன்று. அதாவது, வாசிக்காத கீழ் ஸட்ஜம் ஒன்று தானாக வந்து அடியில் நிற்கும். ராக்காரர்கள் பவர் கார்டு என்று சொல்வது இந்த ஸா-பாவைத்தான். பஞ்சமமும் ஸட்ஜமும் கட்டிய தம்புராவுக்கு முன் உட்கார்ந்து பாடியவருக்கு அந்த அகலம் எங்கிருந்து வருகிறதென்று விளக்க வேண்டியதில்லை.

இனி பெடல்களுக்கு வருகிறேன். எல்லா ஊரிலும் கிட்டார்காரர்கள் மரியாதையோடு பேசும் பெடல் ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர். ஜப்பானின் மேக்சான் நிறுவனத்தில் சுசுமு தமுரா வடிவமைத்தது. 1970-களின் கடைசியில் டிஎஸ்808 என்ற பச்சைப் பெட்டியாக வந்தது. இதில் டயோடுகள் ஆப்-ஆம்ப் சிப்பின் பின்னூட்டப் பாதைக்குள் அமர்ந்திருப்பதால், வெட்டுப்பட்ட அலையோடு வெட்டுப்படாத மூல அலையும் சேர்ந்தே வெளியேறும். விரல் பட்ட இடமும் அழுத்தமும் அப்படியே தெரியும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான ஒலிகளை அது குறைவாகவே உறுமவிடும். நடுப்பகுதியை முன்னால் தள்ளும். மனிதக் குரல் வாழும் பகுதி அது. அதனால்தான் ஸ்டீவி ரே வானின் கிட்டார் பாடுவதுபோலவே கேட்கிறது.

பாஸ் நிறுவனத்தின் மஞ்சள் எஸ்டி-1, 1981-இல் வந்தது. டியூப் ஸ்கிரீமரின் நெருங்கிய உறவு. ஆனால் இதில் அலையின் ஒரு பக்கத்தை ஒரு டயோடும் மறுபக்கத்தை இரண்டு டயோடுகளும் வெட்டுகின்றன. இரு பக்கமும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே எழும். சமமின்றி வெட்டும்போது இரட்டைப்படை மேற்சுரங்களும் சேரும். விளைவு, கொஞ்சம் இனிப்பான, திறந்த உறுமல். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் ஞாயிறு ஆராதனைகளில் வாசிக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெடல் இல்லை. பாடுகிறவர்களின் சொற்களை மறைக்காமல் அவர்களுக்கு அடியில் நிற்கும்.

அதே நிறுவனத்தின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1, 1978-இலிருந்து இருக்கிறது. டயோடுகளை நேராகத் தரைக்கு இறக்கிப் பட்டென்று வெட்டும் ரகம். ஜோ சாட்ரியானியும் கர்ட் கோபேனும் இதையே மிதித்தார்கள். ஒருவர் நுணுக்கத்தின் ஆள், மற்றவர் சீற்றத்தின் ஆள். மலிவான பெட்டி இரண்டு குணத்துக்கும் இடம் கொடுத்தது. மிச்சிகன் மாநிலத்துக் கலமாஸூவில் பிறந்த ப்ரோகோ ரேட், என் சொந்த ரசனையில் டிஎஸ்-1-க்கு ஒரு படி மேல். அதிலுள்ள எல்எம்308 சிப் மிக மந்தமானது. வேகமான அலைகளை அதனால் துரத்திப் பிடிக்க முடியாது. அந்தச் சோம்பலே கூர்மையான ஓரங்களை மழுக்கி, ஒலிக்கு ஒரு கனத்த கம்பீரம் தருகிறது. ஃபில்டர் குமிழ் மட்டும் மற்றப் பெடல்களுக்கு நேர்மாறு: வலப்பக்கம் திருப்பத் திருப்ப ஒலி இருளும்.

ஃபஸ் தனி உலகம். 1966-இல் லண்டனில் வந்த வட்டமான ஃபஸ் ஃபேஸில் இரண்டே டிரான்சிஸ்டர்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைக் கிட்டாரின் வால்யூம் குமிழால் ஆண்டார். குமிழைக் குறைத்தால் உறுமல் கலைந்து கண்ணாடிபோல் தெளியும். ஆதி ஃபஸ் ஃபேஸின் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற அவற்றில் மின்கசிவு கூடி, ஒலி தெறித்துச் செத்துப்போகும். தாம்பரத்து மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், அது காலையில் ஒரு குரலிலும் மதியம் வேறு குரலிலும் பேசும். நம் ஊருக்குச் சிலிக்கான் ஃபஸ்தான் நம்பிக்கையானது. நீண்ட, அகன்ற ஒற்றை ஸ்வரங்கள் வேண்டுமென்றால் 1969-இன் பிக் மஃப். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் அதை வைத்து வானத்தையே நிரப்பினார்.

கல்லூரிக் கலைவிழாக்களின் பெடல் என்றால் அது 1991-இன் பாஸ் மெட்டல் ஸோன். கிண்டி ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் 2009-இல் ஸ்வீடனின் ஓபெத் குழு வந்து வாசித்த ஊர் இது. மெட்டல் இசைக்கு இங்கே ஆழமான ரசிகர்கள் உண்டு. மெட்டல் ஸோனைப் பழிக்கிறவர்கள் அதிகம். அதன் நடுப்பகுதிக் குமிழ் 200 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ்வரை எங்கு வேண்டுமானாலும் ஒலியைத் தூக்கும், தாழ்த்தும். இவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பலரும் நடுப்பகுதியை முழுக்கக் குறைத்துவிடுகிறார்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது பிரமாண்டமாக இருக்கும். மேடையில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டாரே காணாமல் போகும். நடுப்பகுதியைத் திரும்ப ஏற்றி, டிஸ்டார்ஷனைக் கால்வாசிக்குக் குறைத்தால் அது நல்ல பெடல்.

உறுமலுக்கும் நம் சங்கீதத்துக்கும் உள்ள ஒப்பந்தம் கமகத்தில்தான் முழுமையாகிறது. க்ளீன் கிட்டாரில் ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும். ஒரு மீட்டில் நாலைந்து அசைவுகளைச் சொல்வதற்குள் மூச்சு முடிந்துவிடும். ஓவர்டிரைவ் அந்த மூச்சை நீட்டிக்கொடுக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாருவில் ஏறியிறங்கும்போது ஒலி நாகஸ்வரத்தின் பக்கம் சாய்கிறது. ராணிப்பேட்டையில் பிறந்து, ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடம் பயின்ற கிட்டார் பிரசன்னா, 2006-இல் ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற இசைத்தொகுப்பையே வெளியிட்டார். கர்நாடக இசையும் ராக்கும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் 2008-இன் ‘மக்தூப்’ தொகுப்பில் ராக் பாட்டுக்குள் நம் கமகத்தை இழைத்தார்.

ஒரு பெடலை நான் எடைபோடுவதும் இதே தராசில்தான். தோடியின் காந்தாரத்தை வாசிக்கிறேன். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அது அசையும்போது, எந்த இடத்தில் அழுத்தம், எந்த இடத்தில் தளர்வு என்பது கேட்க வேண்டும். டியூப் ஸ்கிரீமரிலும் எஸ்டி-1-இலும் கேட்கிறது. ரேட்டில் அலையைப் பெருக்கும் அளவை, அதாவது கெயினை, குறைத்தால் கேட்கிறது. கெயின் முழுதாக ஏறிய எந்தப் பெடலிலும் கேட்பதில்லை. மென்மையும் அழுத்தமும் ஒரே உயரமாகி, கமகம் வெறும் ஊசலாட்டமாகிவிடுகிறது. கையை மறைக்கிற பெடல் எவ்வளவு உறுமினாலும் நல்ல பெடல் அல்ல.

புறநகர்க்காரர்களுக்கு வசதிகளும் உண்டு, சங்கடங்களும் உண்டு. டியூப் ஸ்கிரீமரின் இதயமான 4558 சிப், சாதாரண வீட்டு ஆம்ப்ளிஃபயர் போர்டுகளில் இருக்கிற அதே ரகம். ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். சாலிடரிங் தெரிந்தவர் ஒரு ஓவர்டிரைவைத் தானே கட்டிக்கொள்ளலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரும் பழைய எலெக்ட்ரானிக் சாமான்களையும் கிளறிப் பார்க்கலாம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் நம் ரேடியோக்களுக்காக ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் செய்தது. அந்த ஏசி128 போன்ற ரகங்களை ஃபஸ் கட்டுகிறவர்கள் இன்றும் தேடுகிறார்கள். மும்பையில் அனிமல் ஃபாக்டரி போன்ற இந்தியப் பெடல் நிறுவனங்களும் வந்துவிட்டன. சங்கடம் மின்சாரத்தில். எர்த் சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸ் ஹம் கிட்டார் வழியாக உள்ளே வந்து, கெயினோடு சேர்ந்து பல மடங்காகும். மட்டமான அடாப்டர் தன் பங்குக்கு 100 ஹெர்ட்ஸ் சேர்க்கும். பெடல் வாங்குவதற்கு முன் ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு பெடலுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் எஸ்டி-1 வாங்குங்கள். டிரைவைப் பாதிக்குக் கீழே வைத்து, லெவலைத் தாராளமாக ஏற்றுங்கள். முதலில் ஸா-பா மட்டும் மீட்டி, கீழிருந்து எழும் ஸட்ஜத்தைக் கேளுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒரு ராகத்தை மெதுவாக வாசியுங்கள். உங்கள் விரல் செய்தது உங்களுக்கே கேட்கிற இடத்தில் குமிழை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் திருப்ப வேண்டாம்.