கிளாசிக் 350: பின் மட்கார்டை வீட்டிலேயே குறுக்கினால்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் பின் மட்கார்டு நீளமான இரும்புத் தகடு. 2009-இல் வந்த 346 சிசி வண்டியிலும், 2021-இல் புது எஞ்சினுடன் வந்த 349 சிசி வண்டியிலும் பழைய காலத்துப் புல்லட்டின் தோற்றத்தைத் தருவதில் இந்தத் தகட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. வண்டியை மாற்றியமைக்க விரும்புகிறவர்கள் முதலில் கை வைப்பதும் இதில்தான். முன் மட்கார்டை எடுத்துவிட்டு, பின் மட்கார்டை வெட்டிக் குறுக்கி, ஒற்றை இருக்கையோடு ஓட்டும் பாபர் வடிவம் 1930, 40-களின் அமெரிக்காவில் பிறந்தது. எடையைக் குறைப்பதே அன்று அதன் நோக்கம். அழகு அதன்பின் ஒட்டிக்கொண்டது. கிளாசிக் 350-க்கு இரும்பு மட்கார்டும் தனித்தனி இருக்கைகளும் இருப்பதால் அந்த வடிவம் இயல்பாகவே பொருந்துகிறது. பிளாஸ்டிக் வால் கொண்ட இன்றைய வண்டிகளில் இந்த வேலை பெரும்பாலும் ஒரு பட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதோடு முடிந்துவிடும். இங்கே தகட்டை அறுத்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் மட்கார்டு என்னென்ன சுமக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பின் விளக்கும் எண் பலகையும் அதன்மேல் நிற்கின்றன. அவற்றுக்கான ஒயர்கள் தகட்டின் உட்புறம் கிளிப்புகளில் ஓடுகின்றன. அதன் முன்முனை சக்கரத்துக்கும் பேட்டரி, ஏர் ஃபில்டர் பகுதிக்கும் நடுவில் இறங்கி, டயர் வீசும் சேற்றைத் தடுக்கிறது. வெளியில் தெரியாத இந்த முன்பகுதியை ஒருபோதும் வெட்டக்கூடாது. மட்கார்டை முழுதாக எடுத்துவிட்டு ஓட்டும் வண்டிகளில் ஒரே மழைக்காலத்தில் ஒயர் இணைப்புகள் பச்சை பிடிப்பது இந்தத் தடுப்பு இல்லாததால்தான். ஆகவே வீட்டில் செய்யத்தக்கது பின்னாலுள்ள வாலை மட்டும் குறுக்குவது.

இன்னொரு முடிவையும் முதலிலேயே எடுக்க வேண்டும். வண்டியோடு வந்த மட்கார்டை வெட்டக்கூடாது. அதே மாடலுக்கான பழைய மட்கார்டு ஒன்றைத் தேடி வாங்கி அதைத்தான் வெட்ட வேண்டும். சென்னையில் என்றால் புதுப்பேட்டையில் சற்று நெளிந்த, கீறல் விழுந்த மட்கார்டு கிடைக்கும். எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போவதால் கீறல் ஒரு பொருட்டல்ல. போல்ட்டுத் துளைகளைச் சுற்றி விரிசலோ, மடிப்பில் துருவோ இல்லையா என்பதை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கடைகளில் விற்கும் ஃபைபர் மட்கார்டு எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் துளை ஓரங்கள் வெடிப்பது அதன் குறை. இந்த வண்டிக்கு இரும்பே மேல்.

கழற்றுவதற்கு டபுள் ஸ்டாண்டு போட்டு வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். 8 முதல் 14 மி.மீ. வரையிலான ஸ்பானரும் பாக்ஸ் ஸ்பானரும், ஆலன் கீ வரிசையும், ஒரு மல்டிமீட்டரும் போதும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பிறகு இருக்கைகள், அதன்பின் விளக்குகளின் ஒயர் இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பையும் பிரிக்குமுன் கைபேசியில் படம் எடுத்து, இரு முனைகளிலும் ஒரே எண்ணைப் பட்டையில் எழுதி ஒட்டினால் திரும்ப மாட்டும்போது அரை நாள் மிச்சமாகும். போல்ட்டுகள் முன்முனையிலும், இருக்கைக்கு அடியிலும், பக்கவாட்டுத் தாங்கு கம்பிகளிலும் இருக்கும். எண்ணிக்கையும் அளவும் வண்டியின் ஆண்டைப் பொறுத்து மாறும். துரு ஏறிய நட்டுக்கு முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் தலை உடையும், பிறகு டிரில் போட்டு எடுக்கிற வேலை வரும். கடைசி போல்ட்டைத் தளர்த்தும்போது மட்கார்டைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். இரும்பு கீழே சாய்ந்தால் முதலில் அடிபடுவது பெயிண்ட், அடுத்து ஒயர்.

எண் பலகையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரித்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு எண் பலகை இருக்கிறது; ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத ஸ்னாப் லாக் அதைப் பிடித்திருக்கிறது. அதை உடைத்தால் மறுபடி பயன்படாது, முறைப்படி மாற்றித்தான் ஆக வேண்டும். எனவே பலகையைத் தொடாமல், அது நிற்கும் பிராக்கெட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

இனி எங்கே வெட்டுவது? பலரும் வண்டியைத் தள்ளி நின்று பார்த்துக் கண்ணளவில் கோடு போடுகிறார்கள். கோடு போட வேண்டிய இடத்தைச் சொல்வது மழைநீர். சக்கரம் முன்னோக்கி உருளும்போது அதன் பின்பக்கம் கீழிருந்து மேலே ஏறுகிறது. டயரில் ஒட்டிய நீர்த்துளி, பிரியும் இடத்தின் தொடுகோட்டுத் திசையில் பறக்கும். ஓட்டுகிறவர் இடத்திலிருந்து பார்த்தால், அச்சின் உயரத்தில் நேர் பின்னால் பிரியும் துளி செங்குத்தாக மேலே போகும். அதற்குக் கீழே பிரிவது பின்னால் வருகிறவர் பக்கம் போகும். அதற்கு மேலே பிரிவது முன்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறவரின் முதுகில் அடிக்கும். மட்கார்டை எவ்வளவு மேலே வெட்டுகிறோமோ அவ்வளவு சேறு சட்டையில் ஏறும்.

இதைச் சோதிக்க ஒரு நூல் போதும். வெட்ட நினைக்கும் இடத்துக்கு நேராக டயரில் நூலின் ஒரு முனையை ஒட்டி, அந்த இடத்தில் டயரை உரசிக்கொண்டு போகும் நேர்கோட்டில் மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கும்போது நூல் அவர் முதுகுக்குப் பின்னால் போனால் அந்த இடத்தில் வெட்டலாம். முதுகைத் தொட்டால் கோட்டைக் கீழே இறக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் நினைத்ததைவிடக் குறைவாகவே வெட்டுவார்கள். அதுவே சரி.

கோட்டை மாஸ்கிங் டேப்பால் குறிக்க வேண்டும். தகட்டின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து இருபுறமும் சம தூரம் அளக்காவிட்டால் வெட்டு கோணலாகிவிடும். வளைந்த தகட்டில் கண் எளிதில் ஏமாறும். நான்கு அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீலைப் பூட்டி, கோட்டுக்கு வெளியே 5 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை அரத்தால் கோடு வரை கொண்டுவருவதே பாதுகாப்பான வழி. வீலின் காவல் மூடியைக் கழற்றக்கூடாது. கண்ணாடி, கையுறை கட்டாயம். வண்டிக்கு அருகில் கிரைண்டர் ஓட்டுவது கூடவே கூடாது: பெட்ரோல் டேங்க் ஒரு காரணம், கண்ணாடியிலும் பெயிண்ட்டிலும் பதிந்து துருப்பிடிக்கும் சூடான இரும்புத் தூள் இன்னொரு காரணம். கிரைண்டர் இல்லாதவர் ஹேக்ஸா பிளேடாலேயே அறுக்கலாம்; நேரம் ஆகும், ஆனால் வெட்டு சுத்தமாக வரும்.

அறுத்ததும் தகடு தளதளவென்று ஆடுவது தெரியும். மட்கார்டின் ஓரம் உள்ளே மடங்கியிருப்பது அழகுக்காக அல்ல, விறைப்புக்காக. வெட்டிய இடத்தில் அந்த மடிப்பு போய்விடுகிறது. அப்படியே விட்டால் எஞ்சின் அதிர்வில் தகடு துடித்து, அருகிலுள்ள போல்ட்டுத் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். புது ஓரத்தின் உட்புறம் 6 மி.மீ. இரும்புக் கம்பியை வளைத்து வைத்து, பட்டறையில் ஆங்காங்கே வெல்டிங் பொட்டு வைத்துவிட்டால் விறைப்பு திரும்பி வரும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறைக்குப் போவதில் குறைவொன்றும் இல்லை. மட்கார்டை வண்டியில் மாட்டிய நிலையில் வெல்டிங் செய்ய மட்டும் விடக்கூடாது. எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் அது பெரும் செலவு வைக்கும்.

பெயிண்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துருவைச் சுரண்டி, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, 180, 400, 800 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், பிரைமர், நிறம், கிளியர் கோட் என்று மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காயும் வரை காத்திருப்பதுதான் இதில் திறமை. உட்புறத்தை மறக்கக்கூடாது: கல்லும் மண்ணும் அடிப்பது அங்கேதான். காருக்கு அடியில் பூசும் ரப்பர் கோட்டிங்கை அங்கே தடிமனாக அடித்தால் துரு தள்ளிப்போகும், தகட்டின் ஓசையும் அடங்கும்.

மாட்டும்போது முதலில் போல்ட்டுகளை விரல் இறுக்கத்தில் விட்டு, டயருக்கு இரு பக்கமும் இடைவெளி சமமா என்று பார்த்துப் பிறகே முறுக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தை மேலே தூக்கிப் பார்ப்பது மிக முக்கியம். பள்ளத்தில் விழும்போது சக்கரம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றியும், டயருக்கும் தகட்டுக்கும் நடுவே 25 மி.மீ. இடமாவது இருக்க வேண்டும். புதிதாகப் போட்ட போல்ட்டின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அது டயரைக் கிழிக்கும். தலை உள்ளேயும் நட்டு வெளியேயும் வருமாறு மாட்டுவது நல்லது.

பின் விளக்கில் பல்பு உள்ள வண்டி என்றால், அதில் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள். ஒன்று எப்போதும் எரிவது, மற்றது பிரேக்குக்கு. ஒயர்களை மாற்றி மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது வெளிச்சம் கூடாமல் போகும், பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது. சிறிய எல்இடி இண்டிகேட்டருக்கு மாறுகிறவர்கள் அது படபடவென்று வேகமாக மின்னுவதைப் பார்ப்பார்கள். பத்து வாட் பல்புகளின் சுமைக்கேற்ப அமைந்த ஃபிளாஷர், சுமை குறைந்ததும் பல்பு ஒன்று எரிந்துபோனதாக எடுத்துக்கொள்கிறது. எல்இடிக்கான ஃபிளாஷரைப் போட்டால் சரியாகும்.

சட்டத்தையும் எடைபோட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. பின் இருக்கை உள்ள வண்டியில், சேலையோ துப்பட்டாவோ சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. சக்கரத்தில் துணி சிக்கி நடக்கும் விபத்துகளின் கொடுமையை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். பின்னால் ஆள் ஏற்றும் வண்டியில் சேலை கார்டைக் கழற்றுவதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. எண் பலகையும் சக்கரத்தின் பக்கவாட்டுக்குப் போகாமல், நேர் பின்னாலிருந்து படிக்கும்படி, விளக்கு வெளிச்சத்தோடு இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தனியாக ஓட்டுகிறவர், இரண்டாவது மட்கார்டை வாங்கி, வாலை மட்டும் குறைத்து, ஓரத்துக்குக் கம்பி வைத்துச் செய்தால் வண்டி கச்சிதமாகத் தெரியும். விடுமுறை நாட்கள் இரண்டு போதும். குடும்பத்தோடு போகிறவருக்கும், மழையிலும் சேற்றிலும் தினமும் ஓட்டுகிறவருக்கும் இது வேண்டாத வேலை. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். கழற்றிய பழைய மட்கார்டில் எண்ணெய் தடவி, துணி சுற்றிப் பரணில் பத்திரப்படுத்த வேண்டும். பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்க வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும்போது அது வண்டியில் இருக்க வேண்டும்.