நேராகப் போகாத தண்ணீர்

கனால் து மிதியைப் பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், படகில் ஏறாதீர்கள், கரையில் நடங்கள் என்றுதான் சொல்வேன். தெற்குப் பிரான்ஸில் துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்து தோ ஏரி வரை 240 கிலோமீட்டர் நீளும் கால்வாய் அது. அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துச் சென்ற கரைப்பாதை இன்றைக்கும் இருக்கிறது. படகில் உட்கார்ந்தால் தண்ணீரும் மரமும் தெரியும், அவ்வளவுதான். நடந்தால் கரையின் இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் கால்வாயைவிட உயரத்தில் திராட்சைத் தோட்டம் ஏறிப்போகிறது. மறுபக்கம் கரைக்குக் கீழே, நம் காலுக்கும் கீழே, கிராமத்து வீடுகளின் ஓட்டுக்கூரைகள். சரிவின் நடுவில் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

முழு நீளமும் நடக்க முடியாதவர்கள் அர்ஜென்ஸ் கிராமத்தில் தொடங்கி பெஸியே நகரத்தின் வாசல் வரை நடக்கலாம். ஏறக்குறைய 54 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலும் ஒரு நீர்ப்பூட்டுகூட இல்லை. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை மேலே ஏற்றுகிற, கீழே இறக்குகிற தொட்டிதான் நீர்ப்பூட்டு. அது இல்லையென்றால் தண்ணீர் 54 கிலோமீட்டருக்கும் ஒரே மட்டத்தில் நிற்கிறது என்று பொருள். ஆனால் நிலம் அப்படி மட்டமாக இல்லை. குன்றும் ஓடையும் பள்ளமுமாகக் கிடக்கிற பூமி. அதில் மட்டம் தவறாமல் போக ஒரே வழி, குன்று உள்ளே வாங்கும் இடத்தில் தானும் உள்ளே போய், குன்று முன்னே தள்ளும் இடத்தில் தானும் சுற்றி வருவது. அதனால் கால்வாய் வளைகிறது. எதிர்க்கரையில் நடப்பவர் ஒரு திருப்பத்தில் நமக்கு முதுகையும் அடுத்த திருப்பத்தில் முகத்தையும் காட்டுகிறார். வரைபடத்தில் வீண் சுற்றாகத் தெரிவது காலடியில் முழுக் காரணத்தோடு தெரிகிறது. இந்தக் கால்வாயின் கலை முழுவதும் அதன் வளைவுகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதை எடுத்துக் கட்டிய பியேர் போல் ரிக்கே பொறியியல் படித்தவர் இல்லை. லாங்தோக் பிரதேசத்தில் அரசனுக்காக உப்பு வரி வசூலித்தவர். அட்லாண்டிக், மத்தியதரை ஆகிய இரண்டு கடல்களையும் கால்வாயால் இணைக்கும் ஆசை பிரான்ஸில் பழையது. எல்லோரும் தோற்றது ஒரே இடத்தில். நடுவிலிருக்கும் நோரூஸ் மேடு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 190 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் படகு இறங்க வேண்டுமானால் மேட்டில் தண்ணீர் எப்போதும் வேண்டும். அது எங்கிருந்து வரும்? ரிக்கே வடகிழக்கே இருக்கும் கறுப்பு மலையின் ஓடைகளைக் காட்டினார். அவற்றைத் திருப்பி, சேன் ஃபெரெயோலில் அணை கட்டித் தேக்கி, வாய்க்கால் வெட்டி நோரூஸுக்குக் கொண்டுவரலாம் என்றார். தன் தோட்டத்திலேயே சிறிய அளவில் வெட்டிச் சோதித்தும் பார்த்தார். அமைச்சர் கோல்பேர் துணை நின்றார். 1666இல் பதினான்காம் லூயியின் ஆணை வந்தது. 1667இல் தொடங்கிய அணை 1672இல் முடிந்தது. அறுபது லட்சம் கன மீட்டருக்கு மேல் கொள்ளும் அந்த ஏரி இன்றைக்கும் கால்வாய்க்குத் தண்ணீர் தருகிறது.

வேலை மும்முரமாக நடந்த காலத்தில் பன்னிரண்டாயிரம் பேர் வரை மண் வெட்டினார்கள். பெண்கள் ஏராளம். சந்திரா முகர்ஜி என்ற சமூகவியலாளர் 2009இல் வெளியான தன் நூலில், பிரெனே மலைப்பக்கத்திலிருந்து வந்த பெண்களின் அறிவுக்கு இந்தக் கால்வாயில் பெரிய பங்கு உண்டு என்று வாதிடுகிறார். மலைச்சரிவில் ஊற்றுநீரை மட்டம் பார்த்து ஊருக்குள் கொண்டுவருவது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. இந்த 54 கிலோமீட்டரை நடந்து முடித்தவருக்கு அந்த வாதத்தை நம்புவது கடினமாக இருக்காது. இத்தனை நுணுக்கமாகச் சரிவைத் தடவிப் போகும் கோடு ஏட்டுக் கணக்கில் மட்டும் பிறந்திருக்க முடியாது.

பராஸா கிராமத்துக்குப் பக்கத்தில் ரெப்யூத்ர் ஓடை குறுக்கே வருகிறது. இங்கே வளைந்து தப்பிக்க வழியில்லை. 1676இல் ரிக்கே ஒற்றை வளைவில் கல்பாலம் கட்டிக் கால்வாயை ஓடைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார். பிரான்ஸில் படகு போகும் தொட்டிப்பாலம் அதற்கு முன் கேள்விப்படாத ஒன்று. பாதையில் போகிறவர்கள் பலர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். ஓரத்துச் சரிவில் இறங்கி ஓடையின் பக்கமிருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். தலைக்கு மேலே படகு போவதைப் பார்க்கும் சந்தோஷம் தனி. வழியில் இன்னும் கொஞ்சம் தள்ளி வரும் செஸ் ஆற்றின் மூன்று வளைவுப் பாலம் ரிக்கேயின் காலத்துக்குப் பிந்தியது. 1686இல் கோட்டைக் கலை வல்லுநர் வோபான் கால்வாயைச் சுற்றிப்பார்த்து, ஆறுகளும் ஓடைகளும் கால்வாயில் கலந்து வண்டலைக் கொட்டாமல் இருக்க மேலும் பல பாலங்கள் தேவை என்றார். அப்படி வந்த பாலம் அது. கம்பீரமானது. ஆனால் என் ஓட்டு ரெப்யூத்ருக்குத்தான்.

வழியில் லெ சொமாய் கிராமத்தில் ஓர் இரவு தங்குவது நல்லது. பயணிகள் படகு ஓடிய நாட்களில் துலூஸிலிருந்து ஆக்த் நகரம் போய்ச்சேர நான்கு நாள் ஆகும். இரவுத் தங்கலுக்கான இடங்களில் இதுவும் ஒன்று. கூன்முதுகுக் கல்பாலமும், அதை ஒட்டிய சிறு தேவாலயமும், தங்குவிடுதியும் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன. 1787இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் இந்தக் கால்வாயில் பயணம் செய்தார். தன் குதிரை வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, வண்டியை அப்படியே படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். விரும்பினால் உள்ளே உட்கார்ந்து படிப்பார், அலுத்தால் இறங்கிக் கரையில் நடப்பார். பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சேன் ஃபெரெயோல் வரை போய்ப் பார்த்தார். இந்தக் கால்வாயைப் பார்க்கும் முறை அதுதான்.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அஞ்சலட்டைகளில் இருக்கும் அந்தப் பச்சைக் கூடாரம் பிளாட்டான் மரங்களால் ஆனது. ரிக்கேயின் காலத்தில் அவை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையை வேரால் பிடித்து நிறுத்தவும் நிழலுக்காகவும் நட்டார்கள். ஏறக்குறைய 42,000 மரங்கள். 2006இல் இந்தக் கரையில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளின் மரப்பெட்டிகளோடு பிரான்ஸுக்குள் வந்த நோய் என்கிறார்கள். மருந்து இல்லை. நோய் கண்ட மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டி அங்கேயே எரிக்க வேண்டியதாயிற்று. இன்று பல இடங்களில் கரை மொட்டையாகக் கிடக்கிறது. ஆளுயரக் கன்றுகளாகப் பல சாதி மரங்கள் வளர்ந்துவருகின்றன. ஒரே சாதியை நட்டு ஒரே நோய்க்குக் கொடுக்கும் தவறு இனி நடக்காது. பழைய நிழல் போனது பெரிய இழப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் நிழலில்லாத அந்த வெயில் பகுதிகளில் வளைவு முழுதாகக் கண்ணில் படுகிறது. ரிக்கே தன் கால்வாயைப் பார்த்தது இப்படித்தான்.

அர்ஜெலியே கிராமத்தில் நிற்க ஒரு காரணம் உண்டு. 1907இல் விலை வீழ்ச்சியால் நொந்த திராட்சை விவசாயிகளின் பெருங்கிளர்ச்சி மார்செலென் அல்பேர் தலைமையில் இங்கிருந்துதான் கிளம்பியது. அதைத் தாண்டினால் காப்பெஸ்தாங். முழுதாகக் கட்டி முடிக்காமல் நின்றுபோன பெரிய தேவாலயத்தின் கோபுரம் ஒவ்வொரு திருப்பத்திலும் மறைந்து மறைந்து தெரியும். இங்குள்ள கல்பாலத்தின் வளைவு மிகத் தாழ்வானது. படகோட்டிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவதைப் பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம்.

அடுத்து மால்பா. கால்வாய் வளைந்தும் தப்பிக்க முடியாமல் குன்றுக்குள் நுழையும் ஒரே இடம். பாறை மென்மையானது, பொலபொலவென்று உதிரக்கூடியது. வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தபோது ரிக்கே ரகசியமாகக் குடைய வைத்தார் என்று கதை சொல்கிறார்கள். 1679இல் தொடங்கிய இந்தச் சுரங்கம் 160 மீட்டர் சொச்ச நீளம்தான். ஆனால் ஐரோப்பாவில் படகு போகத் தோண்டிய முதல் சுரங்கம் இது. இதற்கும் கீழே ரயில் சுரங்கம். அதற்கும் கீழே, 13ஆம் நூற்றாண்டில் மொந்தாதி ஏரியை வடிக்கத் தோண்டிய நீர்ச் சுரங்கம். ரோமர்களின் வியா தொமிசியா சாலையும் இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது.

களைப்பைப் பாராமல் ஆன்செரூன் குன்றின் மேல் ஏறிவிடுங்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே மக்கள் குடியேறிய இடம் அது. கீழே மொந்தாதி ஏரி இருந்த இடத்தில் இன்று வயல்கள். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து எல்லாத் திசையிலும் கிளம்பும் வாய்க்கால்கள், இடையில் ஆப்புகளாக நறுக்கிய நிலங்கள். தண்ணீர் எல்லாம் நடுவட்டத்தில் சேர்ந்து குன்றடிச் சுரங்கம் வழியே வெளியேறுகிறது. ரிக்கேவுக்கு நானூறு ஆண்டு முன்பே இந்த மண்ணில் தண்ணீரை இப்படி வசப்படுத்தியிருக்கிறார்கள் என்றால், அவருடைய கால்வாய் திடீரென்று முளைத்த அதிசயமாகத் தோன்றாது.

54 கிலோமீட்டரின் முடிவில் ஃபோன்ஸெரான். இத்தனை தூரம் காத்துவந்த உயரத்தைக் கால்வாய் இங்கே சுமார் 300 மீட்டருக்குள் இழந்துவிடுகிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டு நீர்ப்பூட்டுத் தொட்டிகள், 21.5 மீட்டர் இறக்கம். அருகில் நின்றால் சுவர்களைக் கவனியுங்கள், ஒன்றுகூட நேராக இல்லை. தொடக்கத்தில் நேர்ச்சுவர் வைத்துக் கட்டிய ஒரு பூட்டு மண்ணின் அழுத்தத்தில் சரிந்தது. அதன்பின் ரிக்கே சுவர்களை வெளிப்புறம் வளைத்தார். வட்டக் கிணற்றின் சுவர் சுற்றியுள்ள மண்ணைத் தாங்குவதுபோல, படுக்கவைத்த இந்த வளைவு கரையின் தள்ளலைத் தாங்கிக்கொண்டது. நடுவில் 11 மீட்டர், கதவருகே 6 மீட்டர் அகலம். அந்த வடிவத்தைக் கால்வாய் நெடுகிலும் பின்பற்றினார்கள்.

ரிக்கே 1680 அக்டோபரில் இறந்தார். 1681 மே மாதம் கால்வாய் திறந்தது. முன்பெல்லாம் படகுகள் இந்தப் படிகளில் இறங்கி ஓர்ப் ஆற்றையே கடந்து போகும், வெள்ளம் வந்தால் காத்துக் கிடக்கும். 1858இல் ஆற்றுக்கு மேலே நீண்ட கல்பாலம் வந்ததும் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அந்தப் பாலத்தையும் பின்னணியில் பெஸியே தேவாலயத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நல்ல பாலம்தான். ஆனால் அது நேரானது. நான் படிகளின் அடியில் நின்று மேல்நோக்கிப் பார்ப்பேன். கதவுகளுக்குப் பின்னால் கதவுகளாக, வளைந்த சுவருக்குப் பின்னால் வளைந்த சுவராக அந்த எட்டுத் தொட்டிகளும் ஒரே பார்வையில் கிடைப்பது அந்த இடத்திலிருந்துதான்.