தறிக்குழியிலிருந்து சுஜாதா: இயந்திரம், கிண்டல், கூலி

சுஜாதாவின் மேல் ‘வணிக எழுத்து’ என்று ஒரு சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட்டது சிறுபத்திரிகை உலகம். அந்தச் சீட்டு பொய் என்று வாதாட வரவில்லை. அவருடைய பெண் வர்ணனைகள், அக்ரகார நினைவேக்கம், கொலைக்கதைகளின் அவசரம் பற்றிச் சொல்லப்பட்ட விமர்சனங்களில் பெரும்பகுதி சரியானதுதான். ஆனால் சீட்டு ஒட்டியதில் நமக்கும் ஒரு நஷ்டம். 1965இல் தொடங்கிய ‘கணையாழி’யின் கடைசிப் பக்கங்களில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் ஆரம்பித்து, ‘ஏன் எதற்கு எப்படி’, ‘கற்றதும் பெற்றதும்’ வரைக்கும், இயந்திரத்தைத் தினசரி வாழ்க்கையின் ஒரு பாத்திரமாக வைத்து இடைவிடாமல் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை அந்தக் கோணத்திலிருந்து நாம் வாசிக்கவே இல்லை.

அந்த நேரத்தில் நாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? உற்பத்திச் சக்திகள், அந்நியமாதல், கருவிசார் பகுத்தறிவு. ‘மூலதன’த்தின் இயந்திர அத்தியாயத்தைத் திறந்து பார்த்தால் கதிர், தறி, தையல் மெஷின், நீராவிச் சம்மட்டி என்று எண்ணெய் வாடையடிக்கும் பொருட்கள் நிரம்பிக் கிடக்கின்றன. நம்முடைய மார்க்சியக் கட்டுரைகளிலோ இயந்திரம் உண்டு, ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. ஸ்க்ரூ உள்ள இயந்திரத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதினவர் சுஜாதா. அந்தச் சிரிப்பு யாருடையது, எங்கே உட்கார்ந்துகொண்டு சிரிக்கப்படுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

எஸ். ரங்கராஜன் (1935–2008) எலக்ட்ரானிக்ஸ் படித்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில். சி. ராஜம் 1949இல் தொடங்கிய நிறுவனம் அது. குரோம்பேட்டை என்ற பெயரே தோல் பதனிடும் ஒரு தொழில்நுட்பத்தின் எச்சம். 1912இல் அங்கே வந்த குரோம் லெதர் தொழிற்சாலை ஊருக்குத் தன் வேதிப்பொருளின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனது. அங்கிருந்து சில கிலோமீட்டர், பம்மலைத் தாண்டினால் அனகாபுத்தூர். 2021இலிருந்து தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நெசவாளர் ஊர். இரண்டுமே தொழில்நுட்பப் பள்ளிகள்தான். ஒன்றுக்குப் பாடத்திட்டம், பட்டம், உத்தியோகம். இன்னொன்றுக்குக் குழித்தறி.

சுஜாதாவின் கிண்டல் எப்படி வேலை செய்கிறது? முதலில் இயந்திரத்தின் மேல் படிந்திருக்கும் பக்தியை அது கழற்றுகிறது. கம்ப்யூட்டர் கடவுள் அல்ல, சொன்னதைச் சொன்னபடி செய்யும் முட்டாள் என்று ஆக்கிக் காட்டுகிறது. ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம் வைக்கிற சமூகத்தில் இது சாதாரணக் காரியமில்லை. அடுத்து, அதே கிண்டல் பயத்தையும் கழற்றுகிறது. விளக்கிவிட்டால் பயம் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. இந்த இரண்டு காரியத்துக்கும் தமிழ் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே சொல்வேன். அறிவியல் தமிழ் என்ற பெயரில் வந்த பல பாடநூல்களை வாசித்து நொந்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் அந்தப் பிரதிகளில் பேசுகிற ‘நான்’ எப்போதும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற ஒருவன். பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றை வாங்கி வந்தவன், அல்லது ஆபீசில் அதை வடிவமைப்பவன். இயந்திரம் கெட்டுப்போவது அவனுக்கு ஒரு சம்பவம், எழுதத் தகுந்த விஷயம். மாதச் சம்பளம் கெட்டுப்போகாததால்தான் பழுது நகைச்சுவையாக முடிகிறது. இந்தச் சொல்லாடலில் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவன் உண்டு, வாங்கியவன் உண்டு. பகல் முழுக்க அதன்மேல் உடம்பை வைத்து ஓட்டுகிற ஆள் வெகு அபூர்வம். பழுதுபார்க்க வருகிறவன் வேடிக்கைப் பாத்திரமாக வந்து போவான், அவ்வளவுதான்.

‘என் இனிய இயந்திரா’ இந்த விஷயத்தில் சுவாரஸ்யமான பிரதி. 2021ஐ ஒட்டிய எதிர்காலத்தில் ஜீவா என்ற சர்வாதிகாரி. அவனே ஒரு பிம்பம், ஒளியால் செய்த ஆள் என்று தெரியவருகிறது. ஜீனோ என்ற நாய் ஒரு ரோபாட். வாசிக்கிறது, வாதிடுகிறது, நக்கலடிக்கிறது. அதாவது கட்டுரைகளில் பொறியாளனிடம் இருந்த கிண்டல் நாவலில் இயந்திரத்தின் வாய்க்கு இடம் மாறிவிடுகிறது. மனிதர்கள் ஏமாறுகிறார்கள், பொம்மை யோசிக்கிறது. அதிகாரம் பிம்பமாகிவிட்ட பிறகு கிண்டல் ஒன்றே எஞ்சும் எதிர்ப்பு என்று இதை வாசிக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. இயந்திரத்தைக் கேள்வி கேட்கும் உரிமையைக்கூட இன்னொரு இயந்திரத்திடமே ஒப்படைத்துவிட்ட ஒரு வர்க்கத்தின் ஆசுவாசம் அது. நாவலில் நிலா என்ற குடும்பப் பெண்ணுக்கு அரசியல் கற்றுக்கொடுப்பது எந்த இயக்கமும் அல்ல, ஒரு நாய்தான் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

தறிக்கு வருவோம். குழித்தறியின் பாதி வீட்டுத் தரைக்குள் இருக்கிறது. நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டு மிதிகளை மிதிக்கிறார். ஒரு கை கயிற்றை இழுக்க நாடா ஓடுகிறது, இன்னொரு கை அச்சை அடிக்கிறது. பாவு மண்ணுக்கு அருகில் இருப்பதால் ஈரம் தங்கி இழை அறுவது குறைகிறது. ஆக தரையும் இந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பு. இதைப் ‘பாரம்பரியம்’ என்று சொல்லிக் கும்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: கயிறு இழுத்தால் ஓடும் நாடா 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தது, சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் போன்ற அதிகாரிகள் அதைப் பரப்ப முயன்றார்கள். நம் கைத்தறிக்குள்ளேயே தொழிற்புரட்சியின் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தூய கை என்று ஒன்று இல்லை.

கம்ப்யூட்டரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஜக்கார்டு தறியில் ஆரம்பிப்பார்கள். 1804இல் பிரான்சில் வந்த துளையட்டை, அதிலிருந்து பாபேஜ், அதிலிருந்து சில்லு. நெசவாளர் இந்த வரலாற்றில் முதல் பக்கத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறார். அனகாபுத்தூர் ஒரு காலத்தில் நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பிய ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ கட்டத் துணிக்கு அட்டைகூடத் தேவையில்லை. எந்த நிறத்தில் எத்தனை இழை, எந்த வரிசையில் என்பது பாவு போடும்போதே முடிவாகிவிடும். ஊடை அதே கணக்கைக் குறுக்கே திருப்பிச் சொல்லும். எண்ணும் வரிசையும்தான் நிரல் என்றால் இது நிரல்தான். நைஜர் டெல்டாவின் கலபாரிப் பெண்கள் இந்தத் துணியை வாங்கி, குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்து, ‘பெலெட்டே பிட்டே’ என்ற வேறொரு துணியாக மாற்றினார்கள். எழுதப்பட்ட பிரதியில் சொற்களை நீக்கி இன்னொரு பிரதி செய்வது! தகர்ப்பமைப்புக்குப் பாரிஸிலிருந்து உதாரணம் தேடுகிற நமக்கு இது ஒரு செய்தி. பிறகு நைஜீரியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, சந்தை போனது, தறிகள் குறைந்தன. மிஞ்சியவர்களில் சிலர் வாழைநார் முதலான இயற்கை இழைகளில் சேலை நெய்து தாக்குப்பிடித்தார்கள்.

நெசவாளரும் கிண்டல் செய்வார். அனகாபுத்தூரில் வயதான ஒருவர் என்னிடம் சொன்னது: “தறிக்கு ஒடம்பு சரியில்லன்னா நமக்கு லீவு. நமக்கு ஒடம்பு சரியில்லன்னா தறிக்கு லீவு. ரெண்டுலயும் கூலி கெடையாது தம்பி.” சுஜாதாவின் வாக்கியம் போலவே கச்சிதம், அதே தாளம். வித்தியாசம் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. கோளாறு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “சத்தம் மாறும். காதுல விழும்போதே கால் நின்னுடும்” என்றார். இதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் தாள் இல்லை.

இதை வைத்து ‘மண்ணின் அறிவு’ என்று மாலை போடும் வேலையும் வேண்டாம். தார் சுற்றுவது யார்? வீட்டுப் பெண்களும் கிழவிகளும். துணிக்குக் கூலி எழுதும் கணக்கில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. கைவேலையைப் புனிதமாக்கிய காந்தியத்துக்கு எதிராக அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில், ஓய்வு இல்லாதவனுக்குப் பண்பாடு ஏது, அந்த ஓய்வைத் தருவது இயந்திரம் என்று வாதிட்டார். பெரியார் 1944இன் ‘இனிவரும் உலக’த்தில் சட்டைப் பையில் கம்பியில்லாத் தொடர்பு, உடலுறவில்லாமல் குழந்தை என்றெல்லாம் கனவு கண்டபோது அவருக்கு இயந்திரத்தின்மேல் கிண்டலே இல்லை, கிண்டல் முழுவதும் மனிதர்கள்மேல்தான். இது முக்கியம். உழைத்துத் தேய்ந்தவர்களின் பக்கமிருந்து பார்க்கும்போது இயந்திரம் விடுதலையாகத் தெரிகிறது. சௌகரியத்தின் பக்கமிருந்து பார்க்கும்போது அது சேட்டை செய்யும் பொருளாகத் தெரிகிறது. கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கோயம்புத்தூரில் வந்த கிரைண்டர் இதைத் தலைகீழாக்கியது: குழவி நிற்கும், கல் சுற்றும். கையின் அசைவை அப்படியே காப்பியடிக்காமல், கையே வேண்டாம் என்று யோசித்ததுதான் அங்கே நடந்த பொறியியல். பல லட்சம் பெண்களின் தோள்பட்டை அதற்குச் சாட்சி. 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி விலையில்லாமல் தந்தபோது ‘இலவசம்’ என்று பழித்த எழுத்தாளர்களில் எத்தனை பேர் மாவாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சட்டம் இயந்திரத்தை எப்படிப் பேசுகிறது என்பது இன்னும் வேடிக்கை. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறி என்றால் ‘விசைத்தறி அல்லாத எந்தத் தறியும்’. மற்றமையின் இன்மையாக மட்டுமே வரையறுக்கப்படும் ஒரு இருப்பு! விசைத்தறிதான் மையம், அது இல்லாத இடம் கைத்தறி. ஆணில்லாதது பெண், வடமொழியல்லாதது தமிழ் என்கிற அதே இலக்கணம். இதன் தொடர்ச்சியாக 2023இல் தமிழக அரசு இலவச மின்சாரத்தைக் கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும் விசைத்தறிக்கு 1000 யூனிட்டாகவும் உயர்த்தியது. மின்சாரம் தேவைப்படாத தறிக்கும் சலுகையை மின்சார யூனிட்டில்தான் அளக்கத் தெரிகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் சுஜாதா இதைக் கையிலெடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெல் நிறுவனத்தில் அவர் முன்னின்று உருவாக்கிய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்தான் இந்த வாதத்தின் கடினமான இடம். 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. தோற்றவர் வழக்குப் போட்டார். 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவு செல்லாது என்றது. இயந்திரம் தப்பாக எண்ணியது என்பதற்காக அல்ல. சட்டத்தின் ‘வாக்குச்சீட்டு’ என்ற சொல்லுக்குள் இயந்திரம் அடங்கவில்லை என்பதற்காக. மறுவாக்குப்பதிவில் முடிவும் மாறியது. சட்டத்தைத் திருத்திய பிறகே இயந்திரம் திரும்பி வந்தது. 2001 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிக்கும் வந்தது. ஆக, இயந்திரம் இரும்பாலும் சில்லாலும் மட்டும் ஆனது அல்ல, சொற்களாலும் ஆனது. 2009இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் இன்னொரு அடி போனது: தேர்தலின் முக்கியக் கட்டங்களை விசேஷத் தொழில்நுட்ப அறிவில்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடியவேண்டும் என்றது. இங்கே 2013க்குப் பிறகு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரிந்து மறையும் ஒரு காகிதச் சீட்டு சேர்க்கப்பட்டது. கழற்றிவிட்ட காகிதம் திரும்பி வந்துவிட்டது!

இயந்திரம் கள்ளம் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ‘விளக்கினால் பயம் போய்விடும்’ என்ற பொறியாளரின் நம்பிக்கைக்கும், ‘நானே பார்க்கவேண்டும்’ என்ற குடிமகனின் கோரிக்கைக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறேன். சந்தேகம் என்பது அறியாமை அல்ல. குழித்தறியின் முன்னால் உட்காருகிறவருக்கு அதன் ஒவ்வொரு கயிறும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறவர் மூடிய பெட்டியைப் பார்த்து ‘உள்ளே என்ன?’ என்று கேட்டால், அவருக்கு அறிவியல் மனப்பான்மை இல்லை என்று சிரிப்பதில் எந்த அறிவியலும் இல்லை. சுஜாதாவின் நடையை வரித்துக்கொண்டு இன்று ஆதாரையும் செயலிகளையும் பற்றி எழுதுகிறவர்களிடம் இந்தச் சிரிப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அவரிடம் இருந்த உழைப்பு இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாமல் திரும்பும் கிழவியின் விரல், வேலை செய்தே தேய்ந்த விரல். இதை ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதுவது ஒரு அரசியல் தேர்வு.

அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. குழித்தறிக்கு வெள்ளம் என்றால் இயந்திரத்தின் பாதி முதலிலேயே மூழ்கிவிடுகிறது என்று அர்த்தம். 2025 மே மாதத்தில் ஆற்றோர வீடுகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. வந்தது ஜேசிபி. ஒரு கம்பெனியின் பெயர் இன்று தமிழில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது; ‘ஜேசிபி வுட்டுட்டாங்க’ என்றால் போதும். தமிழில் தினசரி இயந்திரங்களைப் பற்றிய எந்தக் கட்டுரையும் இந்த மஞ்சள் இயந்திரத்தை விட்டுவிட்டு மிக்ஸியிலேயே நின்றுவிட முடியாது. மாற்றுக் குடியிருப்புகள் பெரும்பாக்கம் போன்ற இடங்களில். அங்கே எட்டு மாடி, லிஃப்ட் உண்டு. லிஃப்ட் நின்றுபோவதைப் பற்றி நகைச்சுவையாக எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிறவள் அதை வாசிக்கும்வரை.

அந்த மாடியில் குழி தோண்ட முடியாது. அதற்கென்ன, தரைக்கு மேலே நிற்கும் சட்டத்தறி இருக்கிறதே என்று பொறியாளர் சொல்வார். நியாயமான பதில்தான். அப்படியானால் பாவை எந்த நடைபாதையில் நீட்டிப் போடுவது, நாளெல்லாம் அச்சு அடிக்கிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்பதையும் சேர்த்து அவர் வரைந்து காட்டட்டும்.