ஒப்பிட எடுத்த எலி

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு பற்றிய ஆய்வில் அதிகம் புழங்கும் எலி எஸ்.எச்.ஆர். 1963இல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் இரத்த அழுத்தத்தை ஆராய, அழுத்தம் தானாக ஏறும் எலிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி உருவாக்கிய இனம் இது. இதன் துறுதுறுப்பு பிறகுதான் கவனத்துக்கு வந்தது. வெகுமதி தாமதமானால் இந்த எலி பொறுப்பதில்லை என்பதை நார்வேயின் டெர்யே சாக்வோல்டன் பொறுமையாகச் சோதித்துக் காட்டினார். அந்த உழைப்பை மதிக்கிறேன்.

சிக்கல், பக்கத்தில் வைத்து ஒப்பிடும் எலியில் இருக்கிறது. வழக்கமாக வைப்பது இதன் உறவினமான விஸ்டார் கியோட்டோவை. அதுவோ ஒடுங்கிக் கிடக்கும் எலி; மனச்சோர்வு ஆய்வில் அதையே மாதிரியாக வைக்கிறார்கள். அப்படிப்பட்ட எலிக்குப் பக்கத்தில் எந்த எலிதான் மிகைத் துடிப்பாகத் தெரியாது? வேறு இனங்களோடு ஒப்பிட்ட சில ஆய்வுகளில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

ஏ.டி.எச்.டி. மருந்து கொடுத்தால் இந்த எலி அடங்குகிறதே என்பார்கள். ஆம்ஃபெட்டமைன் கொடுத்தால் கோளாறே இல்லாத சிறுவர்களின் துடிப்பும் குறைகிறது என்று ஜூடித் ராப்பபோர்ட்டின் குழு 1978இலேயே காட்டிவிட்டது. ஆக, மருந்துக்கு அடங்குவது நோய்க்குச் சான்றாகாது.

மரபணு மாற்றிய சுண்டெலி இன்னும் தெளிவான பாடம். டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தை நீக்கினால் சுண்டெலி ஓயாமல் ஓடுகிறது. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் அதை அடக்குகிறது. ஆனால் அந்த மருந்து முதன்மையாகப் பற்ற வேண்டிய புரதம்தான் அங்கே இல்லையே! அதே புரதம் பழுதாகிப் பிறக்கும் மனிதக் குழந்தைகளுக்கு வருவது ஏ.டி.எச்.டி. அல்ல, பார்க்கின்சன் நோயை ஒத்த கொடிய அசைவுக் கோளாறு.

எலி ஆய்வையே தள்ளிவிடச் சொல்லவில்லை. ஐந்து துளைப் பெட்டியைப் பாருங்கள். ஏதோ ஒரு துளையில் அரை நொடி விளக்கு எரியும். எலி அந்தத் துளையில் மூக்கை நுழைத்தால் இனிப்பு உருண்டை. விளக்கு எரியுமுன் அவசரப்பட்டு நுழைத்தால் பெட்டி சில நொடி இருண்டுவிடும். தவறவிட்டது வேறு, அவசரப்பட்டது வேறு என்று இரண்டும் தனித்தனிக் கணக்காகின்றன. அவசரத்தை மூளையின் எந்தச் சுற்று கட்டுப்படுத்துகிறது என்று கேட்க இது நேர்மையான கருவி.

என் தீர்ப்பு இதுதான்: எஸ்.எச்.ஆர். எலியை ‘ஏ.டி.எச்.டி. மாதிரி’ என்று அழைப்பதை நிறுத்த வேண்டும். ‘அவசரத்தின் மாதிரி’ என்றால் ஏற்கலாம், அதுவும் குறைந்தது இரண்டு வேறு இனங்களோடு ஒப்பிட்ட பிறகே. நோயாளி என்று எழுதப்படும் ஒவ்வோர் எலிக்குப் பின்னாலும், வகுப்பில் உட்கார முடியாமல் தவிக்கும் ஒரு குழந்தையின் மருந்துச் சீட்டு காத்திருக்கிறது.