முழங்கால் ஜெல்: எவ்வளவு தடவுகிறோம்?

மூட்டுவலிக்கு அம்மா ஜெல் தடவுவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பட்டாணி அளவு பிதுக்கி, இரண்டு முழங்காலுக்கும் பங்கு போட்டுத் தேய்ப்பார். 30 கிராம் ட்யூப் ஒரு மாதத்துக்கு மேல் வரும். "மருந்து கேட்கவே மாட்டேங்குது" என்பார்.

ட்யூபுக்குள் இருப்பது டைக்ளோஃபினாக். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து. வெறும் நீர் ஜெல்லில் போதிய அளவு சேர்ப்பது கடினம். எண்ணெய்க் களிம்பாக்கினால் பிசுபிசுத்துப் புடவையெல்லாம் ஒட்டும். இந்தச் சிக்கலை, எண்ணெயும் நீரும் கலந்த எமல்ஜெல் என்ற ஜெல் வகை அழகாகத் தீர்த்திருக்கிறது. கார்போமர் என்ற பாலிமர் நீரில் ஊதி வலைபோல் விரிய, நுண்ணிய எண்ணெய்த் துளிகள் அதற்குள் தங்குகின்றன. தடவியதும் நீரும் ஆல்கஹாலும் ஆவியாக, மிஞ்சும் மெல்லிய படலத்தில் மருந்தின் செறிவு ஏறும். அந்தச் செறிவுதான் மருந்தைத் தோலுக்குள் தள்ளுகிறது.

ஆனால் தோல் லேசில் வழிவிடாது. மேலே 10 முதல் 20 மைக்ரான் தடிமனில் இறந்த செல்களின் அடுக்கு, இடையிடையே கொழுப்பு. தடவியதில் சிறு பங்கே அதைத் தாண்டுகிறது. ஒரு முழங்காலுக்கு முழு அளவு தடவினாலும் ரத்தத்தில் சேர்வது, மாத்திரையில் சேர்வதில் 6 சதவீதம்தான். இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் பயந்து மாத்திரையைத் தவிர்க்கும் முதியவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல். முழங்காலும் விரல் மூட்டும் தோலுக்கு அருகில் இருப்பதால் மருந்து எட்டுகிறது; ஆழத்திலுள்ள இடுப்பு மூட்டுக்கு அதை நம்ப முடியாது.

பலனையும் மிகைப்படுத்தக் கூடாது. 2016ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்துள்ள ஜெல்லைத் தடவியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு வலி நன்கு குறைந்தது. மருந்தில்லாததைத் தடவியவர்களிலும் ஐந்து பேருக்குக் குறைந்தது. மருந்தால் கூடுதலாகப் பயன்பெற்றவர் பத்தில் ஒருவர்.

அதுவும் சரியான அளவில் தடவினால்தான். 1 சதவீத ஜெல்லுக்கு அமெரிக்காவில் வகுத்துள்ள அளவு, ஒரு முழங்காலுக்கு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு 4 வேளை. அளந்து எடுக்க ட்யூபோடு ஓர் அட்டையும் தருகிறார்கள். அந்தக் கணக்கில் அம்மாவின் ட்யூப் ஒரு காலுக்கே இரண்டு நாள் வராது! நம் கடைகளில் பல ஜெல்களில் மென்தாலும் கலந்திருக்கிறது. சில்லென்று ஏறும் அந்தக் குளிர்ச்சியை மருந்தின் வேலை என்று நம்பி, அளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வேளைக்கு எத்தனை கிராம் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், ட்யூபின் மேலேயே அச்சிட வேண்டும். அதுவரை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தடவும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.