சேசிஸ் எண்ணும் எண் தகடும்: பழைய ஜீப்பைப் புதுப்பித்து விற்பதில் திண்டுக்கல்லும் இலங்கையும்

திண்டுக்கல் சமவெளியில் ஜீப் நிலைத்ததற்குச் சமவெளி காரணமல்ல; அதைச் சூழ்ந்த மலைகளே காரணம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய சிறுமலையிலும், வத்தலக்குண்டுக்கு மேலே பண்ணைக்காடு, தாண்டிக்குடி என விரியும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பி, மிளகு, வாழைத் தோட்டங்கள் இருப்பதால், அவற்றுக்கு ஆளையும் உரத்தையும் ஏற்றிச் சென்று விளைச்சலை இறக்கிவர நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டி தேவைப்பட்டது. சிறுமலையின் உட்பகுதித் தோட்டங்களில் சுமை தூக்கக் குதிரையே இன்றும் பயன்படுவதை நோக்கினால், ஜீப்பின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் விளங்கும். உழைத்து ஓய்ந்த இத்தகைய வண்டிகளோடு அரசுத் துறைகள் கழித்து ஏலம் விடும் ஜீப்புகளும் பட்டறைக்கு வந்து, புதுப்பூச்சு பெற்று, விற்பனைக்கு நிற்கின்றன.

இலங்கையிலும் இதே தொழில் நடைபெறுகிறது. வண்டியின் மரபும் ஒன்றே. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. போருக்குப் பின் வில்லிஸின் வடிவம் உரிமத்தின் வழியே இரு கிளைகளாக ஆசியாவுக்கு வந்தது. 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் 1947 முதல் இந்தியாவில் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. ஜப்பானில் மிட்சுபிஷி 1953இல் தொடங்கி 1998 வரை அதைச் செய்தது. தமிழ்நாட்டில் கிடைக்கும் பழைய வண்டிகள் பெரும்பாலும் உயர்ந்த பானெட் கொண்ட சி.ஜே.3பி வகையும், 1985இல் வந்த எம்.எம்.540 வகையும் ஆகும். பானெட் உயர்ந்ததற்கு அழகுணர்ச்சி காரணமல்ல; உள்ளெடுப்பு வால்வு மேலே அமைந்த ‘ஹரிக்கேன்’ எஞ்சின் முந்தையதைவிட உயரமாக இருந்ததால் மூடியும் உயர நேர்ந்தது. இலங்கைச் சந்தையிலோ மிட்சுபிஷியின் 2,659 சி.சி. டீசல் எஞ்சினுடைய பெயரான ‘4டிஆர்5’ என்பதே வண்டியின் பெயராகவும் வழங்குகிறது. ஆகவே இரு கரைகளிலும் ஓடுபவை ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள்.

‘புதுப்பித்த வண்டி’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு வேலைகளை மறைத்து நிற்கிறது என்பதே இத்தொழிலில் முதலில் அறிய வேண்டியது. வண்டியோடு பிறந்த எஞ்சின், கியர் பாக்ஸ், முன் ஆக்சில், சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் ஆகியவற்றைக் காத்து, தேய்ந்ததை மட்டும் மாற்றுவது மீட்டமைப்பு. அடிச்சட்டத்தையும் அதன் எண்ணையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எங்கிருந்தோ சேர்த்து எழுப்புவது மறுகட்டு. திண்டுக்கல் வட்டாரத்தில் இரண்டாவதே மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. 1970களில் எரிபொருள் விலை ஏறியபின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பொருத்துவது நாடெங்கும் வழக்கமாயிற்று. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் திறந்த ஜீப்புகளைக் கட்டித் தருவதே பெருந்தொழிலாகவும் வளர்ந்தது. டிங்கரிங் எனப்படும் தகட்டு வேலையில் துரு தின்ற தரையை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைப்பவரும் உண்டு, துருவின்மேல் பட்டி தடவித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பவரும் உண்டு. விற்பனை நாளில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். வேறுபாடு இரண்டாம் மழைக்காலத்தில்தான் வெளிப்படும்.

இந்தியச் சட்டம் இத்தொழிலை இரு பக்கமும் நெருக்குகிறது. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்படுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மறுபுறம், 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி, 50 ஆண்டு கடந்து, முதல் வடிவிலேயே பேணப்பட்டு, பெரிய மாற்றத்துக்கு உட்படாத வண்டிகளுக்கு மட்டும் ரூ.20,000 கட்டணத்தில் ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண்ணை வழங்குகிறது. அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் ஓட்ட இயலாது. மாளிகைக் கொட்டகையில் நின்ற காருக்கு இவ்விதி பொருந்தும். மலையில் உழைத்துப் பலமுறை எஞ்சின் இறக்கப்பட்ட ஜீப்பை இது கணக்கில் கொள்ளவே இல்லை என்பது வருந்தத்தக்க குறை. உழைப்பின் வரலாறும் வரலாறுதானே!

இலங்கையில் விலையைத் தீர்மானிப்பது இறக்குமதிக் கதவு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதியது வர வழியின்றிப் பழையதன் விலை ஏறியதால், இந்தியாவில் ஆசைப்பொருளாக விற்கும் வண்டி அங்கே முதலீடாகவும் பிழைப்புக் கருவியாகவும் மாறியது. யால, உடவளவ தேசியப் பூங்காக்களில் பயணிகளை ஏற்றிச் செல்லும் சஃபாரி ஓட்டுநருக்கு ஜீப் என்பது அன்றாடச் சோறு. கராஜ்காரரின் திறமையும் தட்டுப்பாட்டில் வளர்ந்ததே. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், சிறிது பெட்ரோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட பழைய ஆங்கிலேயக் கார்களே அதற்குச் சான்று.

அங்கே எண் தகடும் வண்டியின் வயதையும் மதிப்பையும் சொல்லும். முற்கால ஆங்கில எழுத்துகளுக்குப் பின் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடும், பின்னர் வெறும் எண் வரிசையும், இறுதியில் மீண்டும் ஆங்கில எழுத்துகளும் வந்தன. ‘ஸ்ரீ’ தகட்டை இன்று பழைமைச் சின்னமாகச் சேகரிப்போர் விரும்பினாலும், 1957இல் அது புகுத்தப்பட்டபோது தமிழர் அவ்வெழுத்தைத் தாரால் அழித்துப் போராடியதை மறந்து அதன் கதையைச் சொல்ல முடியாது. பழைய எண்ணுக்குத் தனி மதிப்பு ஏறியதன் தீய விளைவாக, அவ்வெண்ணின் கீழ் வேறு வண்டியின் பாகங்களைப் பூட்டி எழுப்பிய வாகனங்கள் விசாரணைக்கும் வழக்குக்கும் உள்ளாகியுள்ளன. வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையொப்பமிட்டுக் கைமாற்றும் ‘திறந்த பத்திர’ வழக்கம் இதற்குத் துணைபோகிறது.

இரு நாட்டையும் ஒப்பிடுங்கால், இந்திய முறை வண்டியின் உடலையும் இலங்கை முறை அதன் எண்ணையும் மிகையாகப் போற்றுகின்றன எனலாம். இரண்டிலும் விடுபடுவது நடந்த வேலையின் பதிவு. திண்டுக்கல்லில் பழைய ஜீப் வாங்குவோர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன், அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்; எஞ்சின் எண்ணையும் அவ்வாறே சரிபார்க்க வேண்டும். விற்பவர், தகடு வெட்டிய நிலையில் எடுத்த படங்களையும் மாற்றிய பாகங்களின் பட்டியலையும் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவற்றைக் கொடுக்க மறுப்பவரிடம், எவ்வளவு பளபளத்தாலும், முன்பணம் கொடுக்கலாகாது.