புன்னகைக்கச் சொல்லும் நூல்கள்

வேலையில் ஏற்படும் மன உளைச்சலை வெல்வது எப்படி, செய்யும் தொழிலை விரும்பிச் செய்வது எப்படி என்று கற்பிக்கும் நூல்களுக்குத் தமிழில் இன்று பஞ்சமில்லை. புத்தகக் கண்காட்சிகளில் கவிதைக்குக் கூடாத கூட்டம் இவற்றுக்குக் கூடுகிறது. இவை இலக்கியமல்ல என்று திறனாய்வாளர் ஒதுக்கிவிட்டதால், கேள்வி கேட்பாரின்றிப் பதிப்புக்குமேல் பதிப்பாக வருகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் பணம் கொடுத்து வாங்கிப் படிக்கும் ஒன்றை இவ்வாறு ஒதுக்குவது முறையன்று. ஆகவே இவ்வகை நூல்களை ஓர் ஊரின் அனுபவத்தில் உரசிப் பார்க்க விழைகிறேன். அவ்வூர் பூந்தமல்லி.

முதலில் இவற்றின் குலமரபைச் சற்று நோக்குவோம். அமெரிக்கரான டேல் கார்னகி கவலையைத் துறந்து வாழ்வதைப் பற்றிய தம் நூலை 1948இல் வெளியிட்டார். நார்மன் வின்சென்ட் பீல் எழுதிய நேர்மறைச் சிந்தனை பற்றிய நூல் 1952இல் வந்தது. பீல் நியூயார்க் நகரில் ஒரு திருச்சபையின் போதகர். நம்மிடையே டாக்டர் எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்', தலைவிதி என்று சோர்ந்திருந்த இளைஞர் பலரைத் தட்டி எழுப்பியது. பின்னர் வந்தவற்றுள் பெரும்பாலானவை இம்மூவரின் எதிரொலிகளே. சில, எதிரொலியின் எதிரொலிகள்.

இம்மரபின் அடிப்படைக் கூற்று எளியது: சூழ்நிலையை மாற்ற இயலாவிடில் அதை நோக்கும் உன் மனத்தை மாற்றிக்கொள். இதில் உண்மை இல்லாமலில்லை. மேலதிகாரி பகலில் சொன்ன ஒரு சுடுசொல்லை இரவெல்லாம் அசைபோட்டுத் தூக்கம் இழக்கும் எழுத்தருக்கு, அன்றைய நாளை அன்றைய நாளோடு மூடிவைக்கச் சொல்லும் கார்னகியின் அறிவுரை நல்ல மருந்து. அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். எனக்கே அது பயன்பட்டதுண்டு.

ஆயின் 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். திருப்பெரும்புதூர் அருகே ஐபோன்களை இணைத்துத் தரும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களுள் ஒரு பகுதியினர் பூந்தமல்லியை அடுத்த விடுதி ஒன்றில் தங்கியிருந்தனர். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அம்மாத நடுவில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரைப் பற்றிச் சரியான செய்தி கிட்டாததால், சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவிற்று. டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. ஃபாக்ஸ்கானும் வருத்தம் தெரிவித்தது. 2022 ஜனவரி 12ஆம் நாள்தான் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இப்பெண்களுள் ஒருத்தியின் கையில், நெடுஞ்சாலைக்கு அவள் வருவதற்கு முந்திய நாள், மேற்சொன்ன நூல்களுள் ஒன்றைக் கொடுத்திருந்தால் அது அவளிடம் என்ன சொல்லியிருக்கும்? நேரத்தைத் திட்டமிடச் சொல்லும். அவள் நேரத்தை ஷிப்டு திட்டமிடுகிறது. இடையிடையே எழுந்து உலவச் சொல்லும். வரிசையில் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலாளரிடம் மனம்விட்டுப் பேசச் சொல்லும், எந்த மேலாளரிடம்? நூலாசிரியர் தம் மனக்கண்ணில் காணும் வாசகருக்குச் சொந்தமாக ஒரு மேசையும் மூடுவதற்கு ஒரு கதவும் உண்டு. இந்நூல்களின் முதற்குறை இதுவே. யாரிடம் பேசுகிறோம் என்பதை இவை தம்மையே கேட்டுக்கொள்வதில்லை.

இது உணர்ச்சிவசப்பட்ட கூற்று என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் அரசு ஊழியரிடையே மைக்கேல் மார்மட் முதலானோர் நெடுங்காலம் நடத்திய ஆய்வில், இதயநோயால் மடிந்தோர் விகிதம் உயர் அதிகாரிகளிடையே இருந்ததைக் காட்டிலும் கடைநிலை ஊழியரிடையே ஏறக்குறைய மும்மடங்காய் இருந்தது. பெரிய பொறுப்பே பெரிய அழுத்தம் என்ற நம் எண்ணத்தை அது கவிழ்த்தது. 1979இல் ராபர்ட் கரசெக் வெளியிட்ட ஆய்வும், வேலைச்சுமை மிகுந்து அவ்வேலையின்மீது தன் அதிகாரம் குறையுமிடத்தில்தான் மனம் நைகிறது என்று காட்டிற்று. பணிச்சோர்வை உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் விளக்கியபோது, அதை நோயென்று கூறாமல், பணியிடத்தின் தீராத அழுத்தத்தால் நேர்வதென்றே குறித்தது.

பீல் விவிலிய வாக்குகளை மாத்திரைபோல் விழுங்கக் கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவர் எடுத்துக்கொள்ளத் தயங்கும் பகுதிகளும் விவிலியத்தில் உள்ளன. திருப்பாடல்களுள் எத்தனை புலம்பல்கள்! யோபுவை ஆற்றவந்த நண்பர் மூவரும் முதல் ஏழு நாட்கள் வாய்திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவ்வளவில் அவர்கள் நல்ல நண்பர்களே. குறை உன்னிடந்தான் என்று அறிவுரை தொடங்கியபோதுதான் வழுவினர். இறுதியில் ஆண்டவரின் சினம் அவர்கள்மீதே எழுந்தது. நாசி ஆட்சியில் கல்குவாரியில் வேலை செய்த அனுபவமுள்ள திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றிய தம் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், மனிதர் வேலைக்காக அல்லர், வேலையே மனிதருக்காக என்ற கருத்தை வலியுறுத்தினார். தன்னம்பிக்கை நூல்களில் இது தலைகீழாய் நிற்கிறது. அங்கே வேலை மாறாதது. மனிதர்தாம் தம்மைச் செதுக்கிக்கொண்டு அதற்குள் பொருந்த வேண்டும்.

உதயமூர்த்தியைப் பீலோடு ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனமில்லை. எண்ணத்தின் வலிமையைப் பேசிய அவரே 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி ஊர் ஊராய் ஆட்களைத் திரட்டப் புறப்பட்டார். தனியொருவரின் எண்ணம் எங்கே நின்றுவிடுகிறது என்பதை அவர் கண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த இயக்கத்தின் வெற்றி தோல்வி வேறு செய்தி.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பொன்று தொழிற்சாலைப் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் அவர்கள் அமர்ந்து மூன்றாண்டு நிறையுமுன் அது எழுந்தது. அங்கே வாசகசாலை அமைக்க என்னிடம் யாரேனும் நூல் கேட்டால் கார்னகியைத் தயக்கத்தோடும் உதயமூர்த்தியை மகிழ்ச்சியோடும் தருவேன். பீல் என் அலமாரியிலேயே இருக்கட்டும். யோபு ஆகமம் மட்டும் இரண்டு படிகளாய் அனுப்பிவைப்பேன்.